விளிம்பைப் பிடி: டர்ன்டேபிள் தேர்வின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

"தட்டைத் தொடாதீங்க சார், விளிம்பப் புடிங்க."

சென்னையில் உயர்ரக ஒலிக்கருவிகள் விற்கிற ஒரு கடையில் என்னிடம் முதலில் சொல்லப்பட்ட வாக்கியம் இது. சொன்னவர் கையில் வெள்ளைப் பருத்தி உறை. சொன்னதில் தப்பொன்றும் இல்லை. விரலின் எண்ணெய்ப்பசை இசைத்தட்டின் வரிகளில் படிந்தால் தூசி ஒட்டும். தூசி முள்ளில் சிக்கினால் பாட்டு கரகரக்கும். ஆனாலும் 'தொடாதே' என்ற சொல் நம் ஊரில் வெறும் தொழில்நுட்ப அறிவுரையாக மட்டும் காதில் விழுவதில்லை. இந்தக் கட்டுரை அந்த இடறலிலிருந்து தொடங்குகிறது.

என் பெரியப்பா 1971-லிருந்து விருத்தாசலம் பக்கத்துக் கிராமங்களில் மைக் செட் வைத்துத் தொழில் செய்தவர். கண்பார்வை மங்கியபிறகு தன் தட்டுப் பெட்டியை என்னிடம் கொடுத்து, "நீ படிச்சவன், நல்ல மெஷினா ஒண்ணு வாங்கிப் போட்டுக் கேளுடா" என்றார். அதிலிருந்து மூன்று தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கடைக்குப் போயிருந்தேன். ஒன்று 78 சுற்று அரக்குத்தட்டு. இன்னொன்று 45 சுற்றுச் சின்னத்தட்டு. மூன்றாவது ஓர் எல்.பி. கடைக்காரர் முதல் தட்டைப் பார்த்து, "இது இங்க எதுலயும் ஓடாது சார்" என்றார். இரண்டாவதைப் பார்த்து, "ஓடும், ஆனா இதுக்கு இந்த மெஷின் வேஸ்ட்" என்றார். எல்.பி.யைக் கண்டதும் உறை போட்ட கைகளை நீட்டினார். அவர் காட்டிய இயந்திரத்தின் விலையில் எங்கள் ஊரில் இரண்டு அறை வைத்து வீடு கட்டலாம்.

மூன்று தட்டு, மூன்று மரியாதை. 'நல்ல டர்ன்டேபிள்' எது என்று தீர்மானித்தது யார்? அந்தத் தீர்மானத்துக்குள் எந்தெந்தத் தட்டுகள் அடங்கும், எவை குப்பைக்குப் போகும்? தரம் பற்றிய எல்லாக் கேள்விகளையும்போல இதுவும் ஒரு வரலாற்றுக் கேள்விதான்.

2

வேகங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். நிமிஷத்துக்கு 78 சுற்று என்பதில் இயற்கையானது எதுவுமில்லை. தொடக்ககாலத் தட்டுகள் பல வேகங்களில் பதிவாயின; மின்மோட்டார்கள் வந்தபிறகே அந்த எண் நிலைத்தது. அந்தத் தட்டுகளின் உடம்பைப் பிணைத்த பசை அரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் பழங்குடி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்த அரக்கு உலகமெங்கும் பாட்டாக ஓடியது. கிராமபோன் கம்பெனி 1908-லேயே கல்கத்தாவின் சியால்தாவில் தட்டு அச்சடிக்கும் ஆலையைத் திறந்தது.

1948 ஜூனில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைலில் செய்த, 33⅓ வேகத்தில் சுழலும் எல்.பி.யை அறிமுகம் செய்தது. பன்னிரண்டு அங்குல அரக்குத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிஷச் சொச்சம்தான் கிடைக்கும். எல்.பி.யில் இருபது நிமிஷத்துக்கு மேல். யாருக்கு அந்த நீளம் தேவைப்பட்டது? சிம்பொனிக்கும் கன்செர்ட்டோவுக்கும். கொலம்பியாவின் பன்னிரண்டு அங்குலச் செவ்வியல் எல்.பி. வரிசையின் முதல் தட்டு, மில்ஸ்டைன் வயலின் வாசித்த மெண்டல்சன் கன்செர்ட்டோ. அடுத்த ஆண்டே, 1949-இல், ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றில் ஏழங்குலச் சின்னத்தட்டைக் கொண்டுவந்தது. இரண்டு கம்பெனிகளும் போட்ட சண்டையை 'வேகங்களின் யுத்தம்' என்று எழுதினார்கள். சண்டை கடைசியில் சமாதானமாகவில்லை, பாகப்பிரிவினை ஆயிற்று. நீண்ட செவ்வியல் இசைக்கு 33⅓, சந்தையில் விற்கும் ஒற்றைப் பாட்டுக்கு 45.

இந்தப் பாகப்பிரிவினை நம்மிடமும் ஓரளவுக்கு நடந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக வந்தது. சினிமாப் பாட்டோ 1960-களின் பிற்பகுதி வரை 78-இலும், பிறகு வெகுகாலம் 45 சுற்று ஈ.பி.யிலும் ஓடியது. சினிமா எல்.பி.களும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் பெரியப்பா பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தால் எல்.பி. ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுகிறது. மீதி முழுக்கச் சின்னத்தட்டும் அரக்குத்தட்டும்தான்.

ஆக, ஓர் இயந்திரம் எந்த வேகத்தில் சுழலும் என்பது, யாருடைய பாட்டை அது பாட்டாக ஒப்புக்கொள்கிறது என்பதும்கூட. 1954-இல் இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்தில் தயாரான காரார்டு 301-க்கு மூன்று வேகங்கள். 1957-இல் வந்த சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் டிடி 124-க்கு நான்கு. இரண்டும் அக்காலத்தின் மிக உயர்ந்த இயந்திரங்கள். அப்போது உயர்தரம் என்பதற்குள் எல்லா வேகமும் இருந்தது.

3

இது எப்போது மாறியது? 1961-இல் அமெரிக்கப் பொறியாளர் எட்கர் வில்ச்சர், அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்துக்காக ஒரு டர்ன்டேபிளை வடிவமைத்தார். அதுவரை நல்ல இயந்திரங்களில் மோட்டாரின் சுழற்சியை ரப்பர் சக்கரம் ஒன்று உரசிச் சுழல்மேடைக்குக் கடத்தியது. அந்த உரசலோடு மோட்டாரின் உறுமலும் சேர்ந்து முள்ளுக்கு ஏறும். வில்ச்சர் மோட்டாரை ஒதுக்கி வைத்து, ரப்பர் பெல்ட்டால் மேடையைச் சுழற்றினார். மேடையையும் முள்ளைத் தாங்கும் கையையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தை ஸ்பிரிங்குகளில் மிதக்கவிட்டார். தரையில் நடக்கிற அதிர்வு முள்ளுக்குப் போகாது. எளிமையான, மலிவான, அற்புதமான யோசனை. விலையும் சாதாரண நடுத்தர வர்க்கத்துக்கு எட்டக்கூடியதாக இருந்தது.

இதே வடிவம் தோரன்ஸ் டிடி 150 வழியாக ஸ்காட்லாந்துக்கு வந்தது. 1970-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் இவோர் டீஃபன்புரூன், லின் சோன்டெக் எல்.பி.12 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அவருடைய தந்தையின் பட்டறை நுண்ணிய உலோகப் பாகங்களைக் கடைந்து கொடுப்பது. கிளாஸ்கோ உலோகத் தொழிலாளிகளின் கைத்திறன் அந்த இயந்திரத்தின் அச்சுத்தண்டில் இருந்தது. 1973-இல் காசில்மில்க் குடியிருப்புப் பகுதியில் லின் கம்பெனி தோன்றியது.

லின் இயந்திரத்தோடு ஒரு கோட்பாட்டையும் விற்றது என்பதுதான் இங்கே முக்கியம். அதற்கு முன்னால் கேட்பவர்களின் பொதுப்புத்தி, ஒலிபெருக்கிக்கே அதிகப் பணத்தை ஒதுக்கு என்றது. டீஃபன்புரூன் இதைத் தலைகீழாக்கினார். டர்ன்டேபிள்தான் மூலம், மூலத்தில் இழந்ததைப் பிறகு வருகிற எந்த ஆம்ப்ளிஃபையரும் ஒலிபெருக்கியும் மீட்டுத் தர முடியாது. ஆகவே முதல் செலவு டர்ன்டேபிளுக்கே. இதில் உண்மை இருக்கிறது. முள் படிக்கிற அசைவுகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் போகக்கூடியவை. அந்த அளவில் அச்சுத்தண்டின் ஒரு சின்ன ஆட்டமும் பாட்டில் கலந்துவிடும். உண்மை இருப்பதால்தான் அது இவ்வளவு வலுவான சித்தாந்தமாகவும் ஆக முடிந்தது. மூலம், தூய்மை, மூலத்திலிருந்து இறங்க இறங்கச் சிதைவு. இந்த வரிசையை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம், இல்லையா?

எல்.பி.12 என்ற பெயரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். பன்னிரண்டு அங்குல எல்.பி. பெயரிலேயே பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. நெடுங்காலம் அதற்கு ஒரே வேகம், 33⅓. 45 கேட்கவேண்டுமானால் மோட்டார்க் கப்பியின் மேல் தனியாக ஒரு துண்டை மாட்டவேண்டும். 1990-இல் லிங்கோ என்ற மின்வழங்கி வந்தபிறகே பொத்தானை அழுத்தி 45-க்கு மாற முடிந்தது. 78 கிடையவே கிடையாது. 'ஒலியின் முழு உண்மை' பேசிய இயந்திரத்துக்கு, 1948-க்கு முந்திய அரைநூற்றாண்டு ஒலி கேட்கவில்லை.

பூர்தியூ 1979-இல் எழுதிய 'டிஸ்டிங்ஷன்' நூலில் காட்டுகிறபடி, ரசனை பொருட்களைத் தரம் பிரிக்கும்போது, பிரிப்பவரையும் சேர்த்தே தரம் பிரித்துவிடுகிறது. அதற்கும் அரைநூற்றாண்டு முன்னால், 1920-களின் இறுதியிலேயே, அடோர்னோ கிராமபோன் பற்றிய குறிப்புகளில், பெட்டியின் சொந்தக்காரர் அதில் கேட்க விரும்புவது தன்னைத்தான் என்ற பொருள்பட எழுதினார். அதே அடோர்னோ 1969-இல் எல்.பி.யைப் புகழ்ந்தார், ஆபெராவுக்கு அது உகந்தது என்று. அவருடைய விமர்சனக் காதுக்கும் 33⅓-தான் வாய்த்தது.

லின்னைத் திட்டுவது என் நோக்கமில்லை. 1970-களில் வாங்கிய எல்.பி.12-ஐ இன்றைய பாகங்களைப் போட்டுப் புதுப்பிக்கலாம். தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கு என்கிற சந்தையில் இது மதிக்கவேண்டிய நேர்மை. ஆனால் 2023-இல் தன் ஐம்பதாம் ஆண்டுக்கு அக்கம்பெனி ஒரு சிறப்பு வடிவத்தை வெளியிட்டது: மொத்தம் 250, ஒன்று 50,000 பவுண்டு. பிரதியெடுக்கும் தொழில்நுட்பம் கலையின் ஒளிவட்டத்தை அழிக்கும் என்று வால்டர் பென்யமின் நம்பினார். பிரதியைப் பாடவைக்கிற பெட்டிக்கே எண்ணிட்டு ஒளிவட்டம் சூட்டுவார்கள் என்பதை அவர் பார்க்கவில்லை.

4

இதே ஆண்டுகளில் ஜப்பானில் வேறொன்று நடந்தது. மாட்சுஷிடா நிறுவனத்தின் பொறியாளர் ஷூஇச்சி ஒபாட்டா குழுவினர் பெல்ட்டையும் ரப்பர் சக்கரத்தையும் நீக்கிவிட்டு, மோட்டாரின் அச்சையே சுழல்மேடையின் அச்சாக்கினார்கள். 1970-இல் டெக்னிக்ஸ் எஸ்பி-10 வந்தது. 1972-இல் எஸ்எல்-1200. 1979-இல் அதன் இரண்டாம் வடிவம் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டோடு வந்தபோது வேகத்தின் அலைவு 0.025 சதவீதம் என்று குறிக்கப்பட்டது; பொத்தானை அழுத்திய 0.7 வினாடியில் முழு வேகம். அளவுகோலில் பார்த்தால் பெல்ட் இயந்திரங்களில் பெரும்பாலானவை இதன் அருகில் வரமுடியாது.

ஆனால் அக்காலப் பிரிட்டிஷ் ஒலிப் பத்திரிகைகளில் பரவலாக ஒரு குரல் கேட்டது: எண்கள் நன்றாக இருக்கலாம், இசை இல்லை. அளவையால் வெல்லமுடியாதபோது 'காது' மேல்முறையீட்டு மன்றமாகிறது. காரார்டு 1979-இல் பிரேசில் கம்பெனி ஒன்றுக்கு விற்கப்பட்டது. பிரிட்டிஷ் தொழில்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த வேளை. ஜப்பானிய ஆலைப் பொருளுக்கு ஆன்மா இல்லை என்ற பேச்சை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்கவேண்டும். வரலாற்றின் குறும்பு, காரார்டு என்ற பெயரை 2018-இல் ஓர் இந்தியக் குழுமம் வாங்கியது.

மேட்டிமைக் காது ஒதுக்கிய இயந்திரத்தை வேறு கைகள் எடுத்துக்கொண்டன. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் குடியிருப்பில், சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தாள். தட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ் கேம்பல், கூல் ஹெர்க் என்று அறியப்பட்டவர். ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து புலம்பெயர்ந்த குடும்பம். கிங்ஸ்டன் தெருக்களில் பெரிய பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கித் தட்டுப் போடுகிற 'சவுண்ட் சிஸ்டம்' மரபு ஒன்று உண்டு. நம்மூர் பாஷையில் சொன்னால், மைக் செட்.

பாட்டின் நடுவில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கிற சில வினாடிகளில்தான் கூட்டம் அதிகமாக ஆடுகிறது என்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, அந்தச் சில வினாடிகளை மாற்றி மாற்றி நீட்டினார். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்ற இளைஞர் மின்னணுத் தொழிற்கல்வி கற்றவர். தட்டு வழுக்கி நகர அடியில் விறைத்த துணியைப் போட்டு, தட்டின் மேலேயே விரல் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தி, தாளத்தைத் துல்லியமாகத் தைத்தார். தட்டைப் பிடித்துத் தேய்த்து ஒலியெழுப்பும் 'ஸ்கிராட்ச்' முறையைக் கண்டது கிராண்ட் விசார்ட் தியோடர், 1970-களின் நடுவில், பதின்வயதில். இந்த வேலைக்கு மிதக்கிற ஸ்பிரிங்கும் ரப்பர் பெல்ட்டும் உதவாது. விரலை எடுத்ததும் துள்ளி வேகம் பிடிக்கிற மோட்டார் வேண்டும். எஸ்எல்-1200 அவர்களுடைய வாத்தியமாயிற்று. ஏறக்குறைய 35 லட்சம் விற்று, 2010-இல் நின்று, 2016-இல் மீண்டும் வந்தது. மீண்டும் வந்தபோது உயர்ரகக் கடையின் கண்ணாடிக்குள் உயர்ரக விலையோடு. ஒதுக்கியதைக் கொஞ்சகாலம் கழித்து உன்னதமாக்கி விற்பது சந்தைக்குப் புதிதல்ல.

5

இப்போது மைக் செட்டுக்குத் திரும்பலாம். பெரியப்பாவை மேலத்தெருக் கல்யாணங்களுக்கும் காதுகுத்துக்கும் கூப்பிடுவார்கள். குழாயைத் தென்னை மரத்தில் ஏறிக் கட்டுவது அவர். செட்டை வைக்க இடம், மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு பெஞ்சு. சோறு அங்கேயே இலையில் வரும். "சத்தம் பூசையறை வரைக்கும் போவும்டா, நான்தான் வாசப்படி தாண்டக்கூடாது" என்பார். இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

அந்தப் பெஞ்சைச் சுற்றி நிற்கிற மேலத்தெருப் பையன்கள் தட்டை எடுத்துப் பார்க்கக் கை நீட்டுவார்களாம். "தொடாத!" என்று ஓர் அதட்டல் போடுவாராம். ஊரில் எதையெதையோ தொடக்கூடாது என்று சொல்லப்பட்ட மனிதர், அந்த ஒரு பெஞ்சின் எல்லைக்குள் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லும் உரிமை பெற்றிருந்தார். இதை எதிர்ப்பு என்று உடனே பெயர் சூட்டிவிட எனக்குத் தயக்கம். கூலி அன்றைக்கும் கையில் படாமல்தான் போடப்பட்டது. ஆனால் இயந்திரத்தின் மேல் கை வைக்கிற உரிமை ஓர் அதிகாரம் என்பதைப் பிராங்க்ஸ் பையன்களுக்கு முன்பே மைக் செட்காரர்கள் அறிந்திருந்தார்கள்.

உயர்ரக ஒலியின் வரலாறு ஒருவகையில் கையை அகற்றிய வரலாறு. சாவி கொடுக்கும் கை போயிற்று. பிறகு தரையின் அதிர்வும் மோட்டாரின் மூச்சும். கடைசியில் தூய ஒலியும், அசையாமல் உட்கார்ந்து கேட்கும் ஒரு தனிமனிதரும் மிச்சம். 'விசுவாசமான ஒலி' என்பது ஒலியின் இயல்பான குணம் அன்று, கேட்கிற பழக்கங்கள் வழியாகக் கட்டப்பட்டது என்று ஜோனதன் ஸ்டெர்ன் 2003-இல் விரிவாக எழுதினார். அந்தக் கட்டுமானம் எவ்வளவு ஆட்டமானது என்பதற்கு ஒரு சாட்சி போதும். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் உயர்விலை எல்.பி.களை வெளியிடுவது. அவை மூலநாடாவிலிருந்து நேரே வெட்டப்பட்டவை என்று கேட்பவர்கள் நம்பினார்கள். அவற்றில் பலவற்றில் 2011 முதலே டிஜிட்டல் கட்டம் ஒன்று இடையில் இருந்தது 2022-இல் வெளிப்பட்டது. பதினோரு ஆண்டுகளாக, லட்சக்கணக்கில் செலவழித்த டர்ன்டேபிள்களில் கேட்டு, டிஜிட்டலின் வாடையே ஆகாது என்று எழுதியவர்கள், இந்தத் தட்டுகளையே உதாரணம் காட்டிப் புகழ்ந்திருந்தார்கள். காது பொய் சொல்லவில்லை. தட்டுகள் நன்றாகவே இருந்தன. பொய்த்தது, தூய மூலம் என்ற கதையாடல்.

6

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? விமர்சனம் எழுதிவிட்டுக் கைகழுவ முடியாது. 2022-இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் சி.டி.யை முந்தின, 1987-க்குப் பிறகு முதல் முறையாக. இங்கும் நண்பர்கள் பலர் கேட்கிறார்கள்.

நான் கற்றது இவ்வளவு. முதலில் உங்கள் வீட்டுத் தட்டுகளை எண்ணுங்கள். இயந்திரத்தை அவை தேர்ந்தெடுக்கட்டும். 78 இருந்தால் 78 வேகம் உள்ளதா என்று பாருங்கள். வேகம் மட்டும் போதாது. அரக்குத்தட்டின் வரி அகலமானது. அதற்கு ஏறக்குறைய 75 மைக்ரான் ஆரமுள்ள முள் வேண்டும், எல்.பி.க்கு 18 மைக்ரான் போதும். எல்.பி. முள்ளை 78-இல் வைத்தால் வரியின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் அது பாடும். பழைய பெட்டிகளில் முள்ளைத் திருப்பிப் போடும் வசதி இருந்தது இதற்குத்தான். அதே பழைய பெட்டியில் உங்கள் நல்ல எல்.பி.யைப் போடாதீர்கள், ஐந்து கிராமும் அதற்கு மேலும் அழுத்துகிற முள் வரியைத் தேய்த்துவிடும். நவீன முள்ளுக்கு இரண்டு கிராம் சுமார் போதும். உயர்ரகக்காரர்களின் கவலையில் நியாயம் இருக்கிற இடம் இது. பெல்ட்டா நேரடி மோட்டாரா என்பதற்கு, மட்டமாக வைத்த, உறுதியான மேசையைவிடக் குறைந்த முக்கியத்துவம் கொடுங்கள்.

நான் புதிதாக எதுவும் வாங்கவில்லை. பெரியப்பாவின் நான்கு வேகப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். ரப்பர் சக்கரம் கல்லாக இறுகியிருந்தது. ரிச்சித் தெருவில் விசாரித்து, வட்டாரத்தில் ரப்பர் வார்க்கும் ஒருவரிடம் கொடுத்துப் புதுச் சக்கரம் செய்து, அச்சுக்கு எண்ணெய் விட்டு, ஊருக்கு எடுத்துப் போனேன். எல்.பி.களுக்கு வேறு பெட்டி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அரக்குத்தட்டை விளிம்பைப் பிடித்து வைத்தேன். மேடை சுழன்றது, ஆனால் குரல் கொஞ்சம் இழுத்தது. பெரியப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "அர வீசம் கொறையுது" என்று சொல்லிக்கொண்டே தட்டின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தள்ளுத் தள்ளப் போனார்.

"தொடாதீங்க பெரியப்பா" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் கை அந்தரத்தில் நின்றது. என் பக்கம் திரும்பி, சரியாகத் தெரியாத கண்ணால் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்துத் தள்ளினார். குரல் தன் சுருதிக்கு வந்தது.